உயரம் கூடாத குழந்தைக்கு பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ.: கான்ட்ராஸ்ட் எல்லாருக்கும் வேண்டுமா?

அரசலாறு (ரேடியோகிராபர், கும்பகோணம்)

வருகிற சீட்டில் எல்லாம் ஒரே வரிதான்: "எம்.ஆர்.ஐ. பிரெய்ன் வித் கான்ட்ராஸ்ட், பிட்யூட்டரி". அதாவது, மூளையின் அடியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை, நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் "ஷார்ட் ஸ்டேச்சர்" என்று இரண்டு சொல். நீர் அதிகம் போகிறதா, தலைவலி உண்டா, ஹார்மோன் டெஸ்ட் முடிந்ததா, எதுவும் இருக்காது. மேசையில் படுத்திருப்பதோ 12 கிலோ குழந்தை.

மூன்று சந்தேகம். ஒன்று, இவர்கள் எல்லாருக்கும் கடோலினியம் (அந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து) ஏற்றத்தான் வேண்டுமா? இரண்டு, அளவு. கிலோவுக்கு 0.1 மி.லி. என்று ஒருவர் சொல்கிறார், 0.2 என்று இன்னொருவர். எது சரி? மூன்று, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 0.9, நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் அதை நம்பி ஏற்றலாமா?

வெண்ணாறு (கதிரியக்க மருத்துவர், தஞ்சாவூர்)

இரண்டாவது கேள்வியில் தப்பு நடந்தால் உடனே குழந்தையைத்தான் பாதிக்கும். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

0.1, 0.2 இரண்டுமே சரி, ஆனால் வேறு வேறு மருந்துக்கு. கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்பதுதான் அளவு. கடோட்டரேட் ஒரு மி.லி.யில் 0.5 மில்லிமோல் இருக்கிறது, ஆகவே கிலோவுக்கு 0.2 மி.லி. கடோபியூட்ரால் இரண்டு மடங்கு அடர்த்தி, ஒரு மி.லி.யில் 1 மில்லிமோல், ஆகவே கிலோவுக்கு 0.1 மி.லி. உங்கள் 12 கிலோ குழந்தைக்கு முதலாவது 2.4 மி.லி., இரண்டாவது 1.2 மி.லி. ஒரு மாதம் அந்த வயல் (மருந்துக் குப்பி), அடுத்த மாதம் இந்த வயல் என்று சப்ளை மாறும் இடத்தில் பழைய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றினால் இரட்டை அளவு போய்விடும், அல்லது பாதிதான் போகும். கன்சோல் பக்கத்துச் சுவரில் "கிலோவுக்கு இத்தனை மி.லி." என்று ஒட்டி வைக்காதீர்கள். மருந்தின் பெயரோடு சேர்த்து ஒட்டுங்கள். வயல் மாறிய அன்றே பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

எடையும் அன்றைக்கு அங்கேயே போட்ட எடையாக இருக்க வேண்டும். வயதை வைத்து எடை ஊகிக்கும் கணக்கு (வயதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்குவது) இந்தக் குழந்தைகளிடம் செல்லாது. ஏழு வயதுக்கு அது 22 கிலோ காட்டும், எதிரே நிற்கும் பிள்ளை 13 கிலோதான் இருக்கும்.

இனி முதல் கேள்வி. வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியான, வேறு தொந்தரவு இல்லாத குழந்தையிடம் நாம் தேடுவது மூன்று விஷயம்: பிட்யூட்டரியின் முன்பகுதி சிறுத்திருக்கிறதா, அதை மூளையோடு இணைக்கும் தண்டு இருக்கிறதா, பின்பகுதியின் வெள்ளைப் புள்ளி தன் இடத்தில் இருக்கிறதா. மூன்றும் கான்ட்ராஸ்ட் இல்லாத (ப்ளெயின்) டி1 என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில் தெரியும். வெள்ளைப் புள்ளி மேலே தண்டின் வேர்ப்பக்கம் நின்று, கீழே சுரப்பி தட்டையாக, தண்டு நூலாகவோ காணாமலோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அதன் பிறகு ஏற்றும் மருந்து நோயைப் பற்றி அநேகமாகப் புதிதாக எதையும் சொல்லாது.

கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிறகு சுரப்பி, தண்டு, சுற்றியுள்ள ரத்தக்குழாய் எல்லாமே வெளுத்துவிடும். வெள்ளைப் புள்ளி அந்த வெளுப்பில் கரைந்துபோகும். ப்ளெயின் டி1 எடுக்க மறந்து முதலிலேயே ஏற்றிவிட்டால் அன்றைக்கு அந்தப் படத்தை மீட்கவே முடியாது.

குடமுருட்டி (குழந்தை நல மருத்துவர், திருவாரூர்)

வெண்ணாறு சார் சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்துச் சிக்கலையும் பாருங்கள். வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிற குடும்பம் அது. ஒரு நாள் கூலி போய்விட்டது. குழந்தைக்கு மயக்கம் கொடுத்தாகிவிட்டது. ப்ளெயினில் சந்தேகம் என்று எழுதி, "கான்ட்ராஸ்டோடு திரும்ப எடுக்கவும்" என்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தால் அவர்கள் மறுபடி வருவார்களா என்பதே நிச்சயமில்லை. அந்த பயத்தில்தான் நாங்கள் சீட்டிலேயே "வித் கான்ட்ராஸ்ட்" என்று எழுதிவிடுகிறோம்.

வெண்ணாறு

நியாயமான பயம். அதற்கு வழி எல்லாருக்கும் ஏற்றுவது இல்லை, டாக்டர். ஊசியைப் போட்டு வைத்து, மருந்தை ஏற்றாமல் காத்திருப்பதுதான். மயக்கத்துக்கு எப்படியும் கேனுலா (நரம்பில் போட்டுவைக்கும் ஊசிக்குழாய்) வேண்டும். ப்ளெயின் சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு), கொரோனல் (முகத்துக்கு நேரான வெட்டு) முடிந்ததும் குழந்தை மேசையில் இருக்கும்போதே கதிரியக்க மருத்துவர் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் வெளியூரிலிருந்து வரும் சென்டர் என்றால், அந்த நேரத்துக்குப் போனில் இருக்கச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நடு சாஜிட்டலில் மூன்று படமும், தண்டு தெரியும் கொரோனல் இரண்டும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்லிவிடலாம்.

கொள்ளிடம் (நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், திருச்சி)

சீட்டு எழுதும் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிழை அங்கேதான் தொடங்குகிறது.

உயரம் குறைவு என்பதற்காக மட்டும் எம்.ஆர்.ஐ. கிடையாது. பெற்றோரின் உயரம், ஆண்டுக்கு எத்தனை செ.மீ. வளர்கிறது, இடது கை எக்ஸ்-ரேயில் எலும்பு வயது, தைராய்டு, சீலியாக் (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்), பெண் குழந்தையென்றால் டர்னர் குறைபாட்டுக்கு கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனை, பிறகு வளர்ச்சி ஹார்மோனின் நிலையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1, அதன் பின் குளோனிடின், குளூக்ககான் போன்ற மருந்தால் ஹார்மோனைத் தூண்டிப் பார்க்கும் இரண்டு ஸ்டிமுலேஷன் டெஸ்ட். இவை முடிந்து ஹார்மோன் குறைவு என்று தெரிந்த பிறகுதான் பிட்யூட்டரி படம். தலைவலியோடு வாந்தி, பார்வைக் குறைவு, நீர் அதிகம் போவது, வளர்ச்சி திடீரென்று நின்றுபோவது, இந்த அறிகுறிகள் இருந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம், படம் முதலில்.

தைராய்டைத் தனியாக அடிக்கோடிடுகிறேன். நெடுநாள் கவனிக்காத ஹைப்போதைராய்டு (தைராய்டு சுரப்பு குறைந்த) குழந்தை வளராது, அதே சமயம் அதன் பிட்யூட்டரி வீங்கி, கான்ட்ராஸ்டில் பளபளவென்று கட்டி மாதிரியே தெரியும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் படம் எடுத்தால் ரிப்போர்ட்டில் "மேக்ரோஅடினோமா" (பெரிய கட்டி) என்று வரும், குடும்பம் மூளை அறுவை சிகிச்சை மருத்துவரைத் தேடி ஓடும். தைராக்ஸின் கொடுத்தாலே சுருங்கிவிடும் வீக்கம் அது.

கான்ட்ராஸ்ட் கட்டாயம் வேண்டியவர்கள் யாரென்றால்: டயாபடீஸ் இன்சிபிடஸ் (சர்க்கரை நோய் இல்லை, ஹார்மோன் குறைந்து நீர் அதிகம் போகும் நோய்) உள்ள குழந்தை, ப்ளெயினில் கட்டியோ நீர்ப்பையோ தெரிகிற குழந்தை, தண்டு 3 மி.மீ.க்கு மேல் தடித்த குழந்தை, காசநோய் மூளைக்காய்ச்சலோ லாங்கர்ஹான்ஸ் செல் நோயோ சந்தேகப்படுகிறவர்கள், கட்டி எடுத்த பின் தொடர்ந்து பார்க்கப்படுகிறவர்கள். பிறந்ததிலிருந்தே சர்க்கரை இறங்குதல், நீடித்த மஞ்சள் காமாலை, ஆண் குழந்தையிடம் சிறிய ஆண்குறி என்ற வரலாறு இருந்தால் அது பிறவிக் கோளாறு. அங்கே ப்ளெயின் போதும், ஆனால் பார்வை நரம்பையும், மூளையின் நடுவே உள்ள செப்டம் பெலூசிடம் என்ற மெல்லிய சவ்வையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

இன்சிபிடஸில் முதல் படம் சுத்தமாக இருந்தாலும் கோப்பை மூடிவிடக் கூடாது. ஜெர்மினோமா என்ற கட்டி முதலில் தண்டில் லேசான தடிப்பாக மட்டும் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. 3 முதல் 6 மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

அரசலாறு

நன்றி சார். ப்ளெயினை நம்பி முடிவெடுக்க வேண்டுமென்றால் ப்ளெயின் எப்படி இருக்க வேண்டும்? வழக்கமான பிரெய்ன் புரோட்டோகாலில் 5 மி.மீ. ஸ்லைஸ்தானே வருகிறது.

வெண்ணாறு

5 மி.மீ.யில் எடுத்தால் எடுக்காத மாதிரிதான். குழந்தையின் தண்டே ஒன்றிரண்டு மி.மீ. தடிமன். ஸ்லைஸ் அதைவிடப் பருத்திருந்தால் தண்டும் பக்கத்து மூளைநீரும் கலந்து, தண்டு இல்லை என்று தோன்றும். "ஸ்டாக் நாட் விஷுவலைஸ்டு" என்று வரும் ரிப்போர்ட்டில் பல, நோய் இல்லை, ஸ்லைஸ் தடிமன்.

டி1 சாஜிட்டல், டி1 கொரோனல் இரண்டும் 2 முதல் 3 மி.மீ., இடைவெளி பூஜ்யம், எஃப்.ஓ.வி. (படம் பிடிக்கும் பரப்பின் அகலம்) 16 முதல் 18 செ.மீ. கொரோனலைத் தண்டின் சாய்வுக்கு இணையாக வையுங்கள். கூடவே டி2 கொரோனல். உங்கள் மெஷினில் 3டி டி2 இருந்தால் (கம்பெனிக்குக் கம்பெனி சிஸ், ஃபியஸ்டா, டிரைவ் என்று பெயர் மாறும்) ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிமனில் ஒரு சாஜிட்டல் ஓட்டுங்கள். மூளைநீர் வெள்ளையாக, அதன் நடுவே தண்டு கறுப்பு நூல் போல இறங்குவது தெரியும். தண்டைப் பார்க்க மட்டும்தான் கான்ட்ராஸ்ட் என்று நினைத்த இடங்களில் பெரும்பாலும் இந்த ஒரு சீக்வென்ஸே போதும்.

இன்னொன்று, ஃபேட் சாச்சுரேஷனோடு ஒரு டி1 சாஜிட்டல். சுரப்பிக்குப் பின்னால் உள்ள எலும்பு மஜ்ஜையின் கொழுப்பும் டி1-இல் வெள்ளையாகத் தெரியும், அதை வெள்ளைப் புள்ளி என்று ஏமாந்துபோவது உண்டு. மேலே தண்டின் வேர்ப்பக்கம் நிற்கும் சின்ன லிப்போமாவும் (கொழுப்புக் கட்டி) இடம் மாறிய புள்ளி மாதிரியே காட்டும். ஃபேட் சாச்சுரேஷன் போட்டதும் கொழுப்பு கறுத்துவிடும், உண்மையான புள்ளி வெள்ளையாகவே நிற்கும்.

பிறந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் சுரப்பி முழுவதுமே டி1-இல் வெள்ளையாக இருக்கும். அங்கே புள்ளியைப் பிரித்துப் பார்ப்பது கடினம். பெரியமனுஷி ஆகிற வயதில் பெண் பிள்ளைகளுக்குச் சுரப்பி 10 மி.மீ. வரை பொம்மி நிற்பதும் இயல்புதான்.

படத்தைக் கெடுக்கும் ஊர்ப் பொருள்களையும் கவனியுங்கள். கண்மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கலாம். கண்ணுக்குப் பின்னால்தானே நாம் பார்க்கிற இடம், படம் அங்கே இழுத்துக் கோணும். ஈரத்துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். தாயத்தைக் கழற்றச் சொன்னால் பாட்டிமார்கள் தயங்குவார்கள். காந்தத்துக்குள் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொல்லி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

ஓடம்போக்கி (செவிலியர், திருவாரூர்)

அரைஞாண் கொடியையும் சேத்துக்கோங்க சார். வெள்ளி காந்தத்துல ஒட்டாதுன்னு விட்டுடுறாங்க. ஒட்டாதுதான், ஆனா இடுப்பைச் சுத்தி மூடின வளையம் அது. மின்சாரம் ஓடி சூடாகும், மயக்கத்துல இருக்குற புள்ள சொல்லாது.

ஊசி பத்தி ஒண்ணு. 1.2 மி.லி. மருந்தை 10 மி.லி. சிரிஞ்சுல இழுத்தா அளவு சரியா வராது. 2 மி.லி. சிரிஞ்சுல இழுங்க. கேனுலாவுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவுல நீளமா எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டிருப்பாங்க. அந்த ட்யூப் கவர்ல உள்ள எவ்வளவு தண்ணி நிக்கும்னு அச்சடிச்சிருக்கும், பாருங்க. 1.5 மி.லி.ன்னு இருந்தா நீங்க தள்ளுன மருந்து முழுசும் ட்யூப்லயே நிக்குது, புள்ளைக்கு ஒரு சொட்டும் போகல. படம் வெளுக்கலையேன்னு இன்னொரு தரம் ஏத்திட்டா, ஃப்ளஷ் பண்ணும்போது ரெண்டும் சேர்ந்து போயிடும். முதல்ல ட்யூபை சலைனால நிரப்பிக்கணும், மருந்து, உடனே 5 லேருந்து 10 மி.லி. சலைன். 24 நம்பர் கேனுலாவுக்குக் கையாலயே மெதுவாத் தள்ளுனாப் போதும், பம்ப் வேண்டாம்.

ஒரு கேள்வி. 10 மி.லி. வயலை உடைச்சு 1.2 எடுத்துட்டு மிச்சத்தை அடுத்த புள்ளைக்கு வெச்சுக்கலாமான்னு கேக்குறாங்க. வெளில வாங்கிட்டு வர்ற மருந்து, வீணாகுதேன்னு அவங்களுக்கு வருத்தம். அதோட நாகப்பட்டினம் பக்கத்துத் தாய்மார்கள், "எறா ஒத்துக்காது, இந்த மருந்து போடலாமா"ன்னு கேக்குறாங்க.

வெண்ணாறு

வைத்துக்கொள்ளக் கூடாது, சிஸ்டர். ஒரு முறைக்கு என்று எழுதிய வயலில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. சின்ன வயல் கிடைக்கிறதா என்று பார்மஸியில் கேட்டு எழுதிக் கொடுங்கள். தேவையில்லாத குழந்தைக்கு ஏற்றாமல் விட்டாலே வீணாவது பாதி குறையும்.

எறாவுக்கும் கடோலினியத்துக்கும் சம்பந்தமில்லை. முன்பு கடோலினியமே ஏற்றி அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு வந்திருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆஸ்துமா உண்டா என்றும் கேளுங்கள். அட்ரினலின் 1:1000, கிலோவுக்கு 0.01 மி.லி., தொடையில் தசையூசி, இது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அலர்ஜி வந்தால் குழந்தையைக் காந்த அறைக்கு வெளியே கொண்டுவந்துதான் வைத்தியம். பதற்றத்தில் யாராவது இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே ஓடிவந்தால் அது பறந்துபோய் மெஷினில் அடிக்கும்.

குடமுருட்டி

கிரியேட்டினின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரசலாறு, அந்த 0.9 நார்மல் இல்லை. லேப் அச்சடிக்கும் நார்மல் அளவு பெரியவர்களுக்கானது. குழந்தைக்கு ஷ்வார்ட்ஸ் கணக்கு: 0.413 ஐ உயரத்தால் (செ.மீ.) பெருக்கி, கிரியேட்டினினால் வகுத்தால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் வரும். 92 செ.மீ. குழந்தைக்குக் கிரியேட்டினின் 0.4 என்றால் 95 வருகிறது, நல்ல சிறுநீரகம். அதே குழந்தைக்கு 0.9 என்றால் 42. பாதிக்கும் மேல் போய்விட்டது. பெரியவர்கள் அளவுகோலில் ஸ்டார் குறிகூட விழாத ரிப்போர்ட் அது.

வளராத குழந்தையிடம் இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாள்பட்ட சிறுநீரக நோயும், சிறுநீரகக் குழாயின் அமில நோயும் தாமே வளர்ச்சியைத் தடுக்கிறவை. நாம் பிட்யூட்டரியில் தேடிக்கொண்டிருக்கும் நோய் சிறுநீரகத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கே கடோலினியத்தையும் ஏற்றினால், எதற்கு பயப்பட வேண்டுமோ அதைத் தேடிப்போய் செய்த மாதிரி ஆகும்.

கொள்ளிடம்

மிகச் சரி. கணக்கு 30க்குக் கீழே போனால் லீனியர் வகை (கடோலினியத்தை எளிதில் விட்டுவிடும்) மருந்தைத் தொடவே கூடாது. தோலும் உள்ளுறுப்பும் இறுகும் என்.எஸ்.எஃப். என்ற நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிவந்தது. 2014இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு, திரும்பத் திரும்ப ஏற்றியவர்களின் மூளையில் டென்டேட் நியூக்ளியஸும் குளோபஸ் பாலிடஸும் ப்ளெயின் டி1-லேயே வெளுத்திருப்பதைக் காட்டியது. அப்படித் தங்கும் கடோலினியத்தால் மூளைக்கு இன்ன கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் 2017இல் நரம்பில் ஏற்றும் லீனியர் மருந்துகளில் பலவற்றை நிறுத்திவைத்தார்கள்.

கடோட்டரேட், கடோபியூட்ரால், கடோட்டெரிடால் மூன்றும் மேக்ரோசைக்ளிக். உலோகத்தைக் கூண்டுக்குள் பூட்டிய மாதிரி, எளிதில் விடாது. கடோடையமைடும் கடோபென்டெட்டேட்டும் லீனியர். குழந்தைக்கு ஏற்றுவதென்றால் மேக்ரோசைக்ளிக் மட்டும் என்று நாம் எல்லாருமே பிடிவாதமாக நிற்க வேண்டும். கிரானியோஃபாரிஞ்சியோமா (பிட்யூட்டரி பக்கத்தில் வரும் கட்டி) உள்ள குழந்தை பத்து வருஷத்தில் எத்தனை ஸ்கேன் எடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேவையில்லாத அந்த முதல் ஊசியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அதே கட்டியில் சுண்ணாம்புப் படிவு எம்.ஆர்.ஐ.யில் சரியாகத் தெரியாது, கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. நாலு ஸ்லைஸ் போதும். சி.டி.க்கு அயோடின் கான்ட்ராஸ்ட் ஏற்ற வேண்டிவந்தால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்று வாரத்துக்குள் தைராய்டு பார்க்கச் சொல்லி 2022இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அறிவுறுத்தியது. இந்தக் குழந்தைகளுக்குத் தைராய்டு ஏற்கெனவே ஆட்டத்தில் இருக்கும்.

ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கேனுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கடோடையமைடு ஏற்றிய உடனே எடுத்த ரத்தத்தில் சில லேப் முறைகள் கால்சியத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

வீரசோழன் (மயக்கவியல் மருத்துவர், மயிலாடுதுறை)

இத்தனை நேரம் கான்ட்ராஸ்டையே பேசினோம். பிட்யூட்டரி குழந்தைக்கு ஸ்கேன் அன்று உயிராபத்து வருவது பெரும்பாலும் பட்டினியில்.

ராத்திரி எட்டரை மணிக்குச் சோறு. விடியற்காலை பஸ். "வெறும் வயிறு" என்று சொல்லி அனுப்பியதால் தண்ணீர்கூட இல்லை. வரிசையில் முறை வர பதினொன்றரை. பதினைந்து மணி நேரம். வளர்ச்சி ஹார்மோனும் இல்லாமல் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்த குழந்தைக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். சோர்ந்து கிடப்பதைப் பார்த்து "நல்லாத் தூங்குறான், மயக்க மருந்தே வேண்டாம்" என்று உள்ளே அனுப்புவதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. விரலில் குத்தி சர்க்கரை பார்க்காமல் எந்தக் குழந்தையையும் மேசையில் ஏற்றாதீர்கள். இறங்கியிருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 மி.லி., நரம்பில்.

திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4, தெளிந்த திரவம் 2. தெளிந்த திரவம் என்றால் சர்க்கரைத் தண்ணீர், வழுக்கை இல்லாத இளநீர். மோர், பால் விட்ட டீ, அரிசிக் கஞ்சி, நீராகாரம் எல்லாம் உணவுக் கணக்கில் சேரும். சீட்டில் "வெறும் வயிறு" என்று எழுதாமல் கடிகார நேரம் எழுதுங்கள். ஒன்பது மணி ஸ்கேன் என்றால்: "காலை 3 மணிக்குள் சாப்பாடு, 7 மணி வரை இளநீர்". தூரத்திலிருந்து வரும் குழந்தைக்கு முதல் முறை கொடுங்கள்.

காலை கார்ட்டிசால் பார்க்காமல் மயக்கத்துக்கு அனுப்பாதீர்கள். குறைவு என்று தெரிந்த குழந்தைக்கு அதற்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை நிறுத்தக் கூடாது. அன்றைய அளவை எவ்வளவு கூட்டுவது என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும். இன்சிபிடஸ் குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் நிற்காது, சோடியம்தான் ஏறும். முன்கூட்டியே டிரிப் போடுங்கள், நீர் போவதைக் குறைக்கும் டெஸ்மோபிரசினை வழக்கமான நேரத்துக்குக் கொடுங்கள்.

தூக்க சிரப்பை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு "பஸ் ஏறும்போது கொடுத்துருங்க" என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மடியில் தலை தொங்கித் தூங்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் அடைத்தால் பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. எந்த மயக்க மருந்தும் ஆக்சிமீட்டர் மாட்டிய பிறகு, சென்டரில்தான்.

அரசலாறு

இதெல்லாம் சேர்த்து சீட்டில் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு மாதிரி போடுங்கள் சார். அச்சடித்து அனுப்பும் டாக்டர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கொள்ளிடம்

அரைப் பக்கம் போதும். இன்றைய எடை, உயரம். கிரியேட்டினின், அதன் பக்கத்தில் ஷ்வார்ட்ஸ் கணக்கு. டி.எஸ்.எச்., காலை கார்ட்டிசால். ஸ்டிமுலேஷன் டெஸ்ட் முடிந்ததா. நீர் அதிகம் போகிறதா, தலைவலி வாந்தி, பார்வை. முன்பு கான்ட்ராஸ்ட் ஏற்றியதுண்டா, எந்த மருந்து, எத்தனை முறை. கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "பிட்யூட்டரி ப்ளெயின், 2–3 மி.மீ.; கேனுலாவுடன்; கான்ட்ராஸ்ட், படம் பார்த்த பின் கதிரியக்க மருத்துவர் முடிவு."

ஓடம்போக்கி

ஏத்துனா மருந்து பேரு, மி.லி., தேதி மூணையும் தடுப்பூசி அட்டையோட பின்பக்கம் எழுதிக் கொடுத்துடுங்க. ஃபிலிமும் படம் பதிஞ்ச சி.டி. தட்டும் தொலைஞ்சாலும் அந்த அட்டையை மட்டும் அம்மாக்கள் பத்திரமா வெச்சிருப்பாங்க.